முடிச்சில் குற்றமில்லை

ஒன்பதாவது வாரம் திங்கட்கிழமை காலையில் மூன்று எலிகள் செத்துக் கிடந்தன.

எலிக்கூடத்தின் கதவைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்ல வராது. பதினேழு வருடமாக அதே கதவு, அதே மரத்தூள் வாசனை, அதே காற்றாடிச் சத்தம். கூண்டுகளைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினான்காம் எண், இருபத்தொன்று, முப்பத்தாறு. மூன்றும் கூண்டின் மூலையில் மயிர் சிலிர்த்து, முதுகு வளைந்து, தூங்கப் போனவை போலக் கிடந்தன. கையுறையை மாட்டிக்கொண்டு மூன்றையும் தட்டில் எடுத்து வைத்தாள். பிறகு சுவரில் சாய்ந்து ஒரு நிமிடம் நின்றாள். வாரம் இப்போதுதான் தொடங்கியிருந்தது. அவளுக்கு வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் போல இருந்தது.

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் நூலக்கா என்றே கூப்பிட்டார்கள். ஆய்வகத்தை நடத்துகிற, அவளைவிட வயதில் மூத்த மேடம்கூட அப்படித்தான். சுண்டெலியின் நெஞ்சைத் திறந்து, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் அடியில் பட்டுநூலை விட்டு, குழாயோடு ஒரு மெல்லிய ஊசியையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, பிறகு ஊசியை மட்டும் உருவிவிட வேண்டும். ஊசி இருந்த அளவுக்குத்தான் ரத்தம் போக வழி இருக்கும். அந்த நொடியிலிருந்து எலியின் இதயம் பாதி சாத்திய கதவைத் தள்ளுவது போலத் தள்ளிக்கொண்டே இருக்கும். ரத்த அழுத்தம் ஏறிய மனுஷனின் இதயம் வருடக்கணக்கில் படுகிற பாட்டை எலியின் இதயம் சில வாரங்களில் பட்டு முடித்துவிடும். அந்த முடிச்சை எல்லா எலிக்கும் ஒரே அளவில் போடத் தெரிந்த கை அந்தக் கட்டடத்தில் ஒன்றுதான். அது அவளுடையது.

மேடம் இந்த ஒரே விஷயத்தின் பின்னால் இருபது வருடமாக நடந்துகொண்டிருந்தார். இதயம் சாதாரண நாளில் பெரும்பாலும் கொழுப்பை எரித்துத்தான் ஓடுகிறது. பளு ஏறினால் கொழுப்பைக் குறைத்துக்கொண்டு சர்க்கரைப் பக்கம் சாய்கிறது. இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு மரபணு இருக்கிறது. அது நேராக எதையும் எரிப்பதில்லை. கொழுப்பை எரிக்கிற மற்ற மரபணுக்களை வேலை ஏவுகிறது, அவ்வளவுதான். அதனால் ஆய்வகத்தில் அதற்கு மேஸ்திரி என்று பெயர். பளு ஏறியதும் மேஸ்திரியின் குரல் அடங்கிவிடுகிறது. குரல் அடங்குவதால்தான் இதயம் சோர்ந்துபோகிறது, அதை மறுபடி பேச வைத்தால் இதயம் தேறிவிடும் என்று மேடம் நம்பினார். பேச வைக்கிற மருந்து ஒன்றும் கைக்கு வந்திருந்தது.

போன வருடம் அந்த மருந்தை நாலு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிச்சுப் போட்ட எலிகளின் இதயங்கள் முடிச்சே இல்லாதவை போலச் சுருங்கி விரிந்தன. மேடம் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். நூலக்கா ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கே வாயைத் திறந்தாள். அதைத்தான் இப்போது ஒரு வருடமாக நினைத்து நினைத்து நொந்துகொண்டிருக்கிறாள்.

இந்த முறை பன்னிரண்டு வாரம். நாற்பத்தெட்டு எலிகள். எல்லாவற்றுக்கும் முடிச்சு உண்டு; பாதிக்குத்தான் தண்ணீரில் மருந்து. எந்தப் பாதி என்று அவளுக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது. தெரிந்தால் கண் ஏமாற்றும், கை ஏமாற்றும். பட்டியல் கீழ்த்தளத்தில் இருந்த, ஆய்வின் புள்ளிவிவரம் பார்க்கும் கணக்குக்காரரின் அலமாரியில், ஒட்டிய உறைக்குள் இருந்தது.

மூன்று எலிகளையும் அவள் திறந்து பார்த்தாள். நுரையீரல் தண்ணீர் கோத்து, நனைந்த பஞ்சு மாதிரி கனத்தது. இதயம் ஊதியிருந்தது. முடிச்சு போட்ட இடத்தில் போட்டபடியே இருந்தது. குறிப்பேட்டில் மூன்று முறை ஒரே வாக்கியத்தை எழுதினாள்: முடிச்சில் குற்றமில்லை.

*

அண்ணன் லிப்ட் மெக்கானிக். முப்பது வருடமாக ஊரிலுள்ள உயரமான கட்டடங்களை எல்லாம் மேலும் கீழும் ஓட வைத்தவன், குடியிருந்தது லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். இதைச் சொல்லி அவனே முதலில் சிரிப்பான், மற்றவர்கள் சொல்வதற்கு இடம் கொடுக்காமல்.

வாரத்தில் மூன்று நாள் அவள் சாப்பாடு அங்கேதான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் இருந்தாள். அன்று கீழே வாசலிலேயே அண்ணனைப் பார்த்தாள். வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தான். கருவிப் பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினான்.

"என்ன எலி டாக்டர், இன்னைக்கு எத்தனை நோயாளி?"

"மூணு பேர் போயிட்டாங்க."

"டாக்டர் சரியில்ல போல."

சேர்ந்து ஏறினார்கள். முதல் மாடி வளைவில் அண்ணன் நின்று போனை எடுத்துப் பார்த்தான். இரண்டாவது மாடி வளைவில் மறுபடி நின்று போனைப் பார்த்தான். போனில் ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்தது. அவன் மூச்சு சீராகும் வரை அவளும் பைக்குள் எதையோ தேடினாள். அவன் கணுக்கால் செருப்பு வாரின் இருபுறமும் பிதுங்கியிருந்தது.

அவனுக்கு உயர் ரத்த அழுத்தம் பத்துப் பதினைந்து வருடமாக இருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை, அவனும் காட்டவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் படுக்கையில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனான். நல்ல இதயம் உள்ளே வந்த ரத்தத்தில் நூற்றுக்கு அறுபது பங்கை வெளியே தள்ளும். அவனுடையது இருபத்தெட்டுதான் தள்ளியது. லிப்ட் ஓடுகிற ஷாஃப்டில் இறங்கக் கூடாது, பளு தூக்கக் கூடாது, உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் அலமாரியில்தான் இருந்தது.

அவன் குளிக்கப் போனதும் அண்ணி அவளைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த மருந்து எப்போ வரும்?"

"எந்த மருந்து?"

"தெரியாத மாதிரி கேக்கறியே. எலிக்குக் குடுத்து நல்லாயிடுச்சுன்னு கேக்கோட வந்து சொன்னியே, அது. உங்க அண்ணன் ஆபீஸ்ல இடம் மாத்திக் கேக்கச் சொன்னா, 'ஒரு வருஷம் தாக்குப் பிடிச்சா போதும், தங்கச்சி மருந்து வந்துடும், அதுக்குள்ள எதுக்கு மூலையில போய் உக்காரணும்'னு சொல்றார். நீர் மாத்திரையும் வேலை நாள்ல போடறதில்ல. லிப்டுக்கு அடியில இருக்கற தொட்டிக்குள்ள நிக்கும்போது அடிக்கடி ஒண்ணுக்கு வருதாம். ஏறி இறங்க முடியலயாம். கேட்டா, 'ஞாயித்துக்கிழமை சேர்த்துப் போட்டுக்கறேன்'ங்கறார். மாத்திரை என்ன அழுக்குத் துணியா, சேர்த்து வச்சு ஒரே நாள்ல துவைக்க?"

நூலக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணி, எலிக்கு ஆனது மனுஷனுக்கு வர எத்தனையோ வருஷம் ஆகும். வராமலும் போகும். இதை அன்னைக்கே சொன்னேனே."

"சொன்னே. ஆனா அதை நீ ரெண்டாவதா சொன்னே. அவர் முதல்ல சொன்னதோட காதை மூடிக்கிட்டார்."

அன்று சாப்பிடும்போது அண்ணன் ஒரு ஆஸ்பத்திரி லிப்டில் பூனை மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னான். நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்க நிறுத்தினான். அந்த இடங்களில் நிறுத்தினால் கதைக்கு நன்றாக இருப்பது போலவே நிறுத்தினான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். சொல்லிவிடலாமா என்று மூன்று முறை தோன்றியது. என்ன சொல்வது? எந்த எலி எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியாதே.

*

பத்தாவது வாரம் ஐந்து. பதினொன்றில் நாலு. பன்னிரண்டில் மூன்று. ஒவ்வொன்றையும் அவள் திறந்து பார்த்தாள், எடை போட்டாள், எழுதினாள். உயிரோடு இருந்தவற்றை வாரம் ஒருமுறை லேசாக மயக்கி ஸ்கேன் பார்த்தாள். திரையில் கறுப்பு வெள்ளையில் அந்தச் சின்ன இதயங்கள் படபடத்தன. சிலவற்றின் சுவர் அசைவது வாரத்துக்கு வாரம் குறைந்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு எலிகள், ஒரு எலிக்கு இருபது நிமிடம். மாலையில் எழுந்து நிற்கும்போது கழுத்து அவள் சொன்ன பேச்சைக் கேட்காது.

பட்டியலைப் பிரிக்கும் நாளில் மேடம் புதுப் புடவையில் வந்தார். கணக்குக்காரர் உறையைக் கத்தரித்து, தாளை எடுத்து, கம்ப்யூட்டரில் எண்களை ஏற்றினார். அதிகம் பேசாத மனிதர். விசைகளைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"என்ன?" என்றார் மேடம்.

"மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்க்கறேன்."

மறுபடி போட்டார். திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

மருந்து குடித்த இருபத்து நாலில் பதினொன்று செத்திருந்தன. வெறும் தண்ணீர் குடித்த இருபத்து நாலில் நாலு. உயிரோடு மிஞ்சியவற்றிலும் மருந்து குடித்தவைதான் அதிகம் சோர்ந்திருந்தன.

"எண்ணை மாத்திப் போட்டுட்டீங்களா? அந்தப் பக்கம் இந்தப் பக்கம்?"

"இல்ல மேடம். ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

மேடம் எழுந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். நூலக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணில் எண்கள் நிற்கவில்லை. இரண்டாவது மாடி வளைவில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு ஆள்தான் நின்றான்.

மாலை நாலு மணிக்கு மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது.

"உக்காருங்க நூலக்கா. நான் ஒண்ணு கேட்கறேன், கோபப்படக் கூடாது. நாற்பத்தெட்டு முடிச்சு. ரெண்டு வாரத்துல போட்டீங்க. ஒரு நாளைக்கு அஞ்சாறு. கை அசந்து சிலது கொஞ்சம் இறுகிப்போயிருக்க வாய்ப்பு இருக்கா இல்லையா?"

"ஊசி ஒரே அளவுதான் மேடம். ரெண்டாம் நாளே எல்லாத்துக்கும் ரத்தம் பாயற வேகத்தை அளந்து எழுதியிருக்கேன். அளவு தப்பின ஆறு எலியை அப்பவே விலக்கியாச்சு. அந்த ஆறையும் சேர்க்காமத்தான் நாற்பத்தெட்டு."

"தெரியும். ஆனாலும் ஏழு எலி சீக்கிரமே போயிருக்கு. அந்த ஏழுல முடிச்சு அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம்னு ஒரு வரி, கீழ உங்க கையெழுத்து. அவ்வளவுதான். அந்த ஏழு எலியையும் எடுத்துட்டா ரெண்டு பக்கமும் சாவு நாலு நாலு. மருந்து கெடுதல் பண்ணல, நல்லது பண்ணுச்சான்னு இன்னும் பார்க்கணும், அப்படின்னு எழுதலாம். வேலை நிக்காம ஓடும்."

நூலக்கா தாளைப் படித்தாள். ஏழு எண்கள். பதினான்கு, இருபத்தொன்று, முப்பத்தாறு அதில் இருந்தன. ஏழும் மருந்து குடித்தவை.

"இன்னைக்கே வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிங்க" என்றார் மேடம். அவர் குரலில் அதட்டல் இல்லை. அதட்டியிருந்தால் நூலக்காவுக்கு எளிதாக இருந்திருக்கும். புதுப் புடவையின் மடிப்பு கலைந்து, கண்ணாடியைக் கழற்றி மூக்கின் மேல்பக்கத்தைப் பிசைந்துகொண்டிருந்தார் அந்த அம்மாள். அவருக்கும் அறுபது வயது ஆகப்போகிறது.

*

அன்று அண்ணன் வீட்டில் சாப்பிடும் நாள் இல்லை. ஆனாலும் கால் அங்கேதான் போனது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஒரு முக்காலியில் காலைத் தூக்கி வைத்திருந்தான். செருப்பு வாரின் தடம் கணுக்காலைச் சுற்றி வளையம் மாதிரி பதிந்திருந்தது.

"அண்ணா, அந்த மருந்து வேலைக்கு ஆகல."

"எது?"

"போன வருஷம் வந்து சொன்னேனே, அது."

அவன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். "நாலு வாரத்துல நல்லா இருந்துச்சுன்னு சொன்னே?"

"நாலு வாரத்துல நல்லாத்தான் இருந்துச்சு. பன்னெண்டு வாரம் குடுத்தா, குடுத்ததுதான் சீக்கிரம் போகுது. இருபத்தி நாலுல பதினொண்ணு."

"குடுக்காதது?"

"நாலு."

அண்ணன் காலைக் கீழே இறக்கினான். முகம் சுருங்கியது. "இதை நீ என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"எதை? போன வருஷம் சொன்னதையா, இன்னைக்குச் சொல்றதையா?"

"ரெண்டையும்."

அண்ணி வாசல்படியில் வந்து நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். டிவியில் யாரோ வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வருஷம்" என்றான் அண்ணன். "ஒரு வருஷமா ஒவ்வொரு தொட்டிக்குள்ள இறங்கும்போதும், இன்னும் கொஞ்ச நாள்தான், கொஞ்ச நாள்தான்னு சொல்லிக்கிட்டே இறங்கினேன். நீயும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே. போனைப் பார்க்கறான்னு நீயும் பையைத் துழாவினே."

"ஆமா."

"அது என்ன, குடுத்தா ஏன் சாகணும்? அதையாவது சொல்லு."

அவள் தனக்குப் புரிந்த அளவில் சொன்னாள். இதயத்துக்குக் கொழுப்பை எரிக்க அதிக மூச்சுக்காற்று வேண்டும். சர்க்கரையை எரிக்க, அதே வேலைக்குக் கொஞ்சம் குறைவாகப் போதும். பளு ஏறியதும் மேஸ்திரி குரலைத் தாழ்த்திக்கொள்வது, இருக்கிற காற்றை வைத்துச் சமாளிக்கத்தானோ என்னவோ. "அது கெட்டுப்போனதால அடங்குதுன்னு நினைச்சோம். தாக்குப் பிடிக்கறதுக்காக அதுவே அடங்கியிருக்கு போல. நாங்க அதை அடங்க விடாம விரட்டிக்கிட்டே இருந்திருக்கோம்."

அண்ணன் மோவாயைத் தடவினான்.

"எட்டுப் பேர் ஏற வேண்டிய லிப்ட்ல பன்னெண்டு பேர் ஏறினா மணி அடிக்கும். கதவு சாத்தாது. உடனே எங்களுக்குப் போன் வரும், லிப்ட் ரிப்பேர்னு. போய்ப் பார்த்தா ஒரு ரிப்பேரும் இருக்காது. நாலு பேரை இறங்கச் சொன்னா போதும். ஒரு ஆபீஸ்ல மணிச் சத்தம் தாங்கலன்னு அந்த வயரையே பிடுங்கி விட்டுட்டாங்க."

"அப்புறம்?"

"ஒரு மாசம் பிரமாதமா ஓடுச்சு. எங்களையே கிண்டல் பண்ணாங்க. அதுக்கப்புறம் பிரேக் தேஞ்சு, ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்கிடுச்சு."

உள்ளிருந்து அண்ணியின் குரல் வந்தது. "லிப்டுக்கு இவ்வளவு நியாயம் பேசற மனுஷன், தான் மட்டும் ஏன் வயரைப் பிடுங்கி விட்டுட்டுத் திரியறீங்க?"

அண்ணன் பேச்சை மாற்றினான். தங்கை கையில் மடித்து வைத்திருந்த தாளைப் பார்த்து, "அது என்ன?" என்றான். கொடுத்தாள். கண்ணாடியைத் தேடி எடுத்து நிதானமாகப் படித்தான்.

"முடிச்சு இறுகிப்போச்சாம். போச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன யோசனை?"

"யோசனை ஒண்ணும் இல்ல. அசதி. போட்டுட்டா நாளைக்கே முடிஞ்சுடும். போடலன்னா கூட்டம், கேள்வி, விளக்கம், மறுபடி முதல்லேர்ந்து நாற்பத்தெட்டு. நினைச்சாலே கழுத்து வலிக்குது அண்ணா. பதினேழு வருஷத்துல இவ்வளவு அசந்ததே இல்ல. பேனா கிடைச்சிருந்தா வர்ற வழியில பஸ்லயே போட்டிருப்பேன்."

அண்ணன் தாளை மடித்தான். பழைய மடிப்பிலேயே பொறுமையாக மடித்தான்.

"எனக்கும் அதேதான். ஆபீஸ்ல போய் நின்னு, எனக்கு முடியல, வேற வேலை குடுங்கன்னு வாயைத் திறந்து சொல்றதைவிட, ஷாஃப்ட்ல இறங்கறது சுலபமா இருக்கு. மருந்து ஒரு சாக்கு." கொஞ்சம் நிறுத்தி, "உன் மேல தப்பு இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா பாதிதான்" என்றான்.

அண்ணி தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். அவற்றோடு மாத்திரை டப்பாவையும் வைத்தாள். அண்ணன் அதைத் திறந்து, அன்றைக்கு உரியதை எடுத்து, தண்ணீரில்லாமலே விழுங்கினான். மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

*

மறுநாள் காலை ஏழரைக்கே போய்விட்டாள். மேடத்தின் அறை பூட்டியிருந்தது. நுண்ணோக்கி இருந்த சின்ன அறையில் விளக்கு எரிந்தது. மேடம் அங்கே, முந்தின நாள் புடவையை மாற்றிப் பழைய பருத்திப் புடவையில், லென்ஸில் கண்ணை வைத்தபடி இருந்தார்.

நூலக்கா தாளை மேஜையில் வைத்தாள். "கையெழுத்துப் போடல மேடம்."

மேடம் நிமிரவில்லை. "நீங்க போடலன்னா நான் என்ன பண்ணுவேன்னு நினைச்சீங்க?"

"தெரியல மேடம்."

"எனக்கும் தெரியல. அதான் ஆறு மணிக்கே வந்துட்டேன்." நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "இங்க வந்து பாருங்க."

நூலக்கா குனிந்து பார்த்தாள். மருந்து குடித்த எலியின் இதயத்திலிருந்து சீவிய மெல்லிய துண்டு. கொழுப்பு இருந்தால் சிவப்பாகத் தெரியும்படி சாயம் ஏற்றியிருந்தது. தசை இழைகளுக்கு நடுவே சிவப்புத் துளிகள் மழை பெய்த கண்ணாடி மாதிரி அப்பியிருந்தன. மேடம் அடுத்த கண்ணாடித் தகட்டை வைத்தார். தண்ணீர் மட்டும் குடித்தது. அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது.

"ஏழு எலி மட்டும் இல்ல. உயிரோட மிஞ்சினதுலயும் இப்படித்தான்" என்றார் மேடம். "எரிக்கச் சொல்லி விரட்டினோம். கொழுப்பு வந்து குவிஞ்சுது. எரிக்கக் காற்று போதல. எண்ணெய் தேங்கிப்போச்சு. இதுக்கு முடிச்சு என்ன பண்ணும், பாவம்."

தாளை எடுத்து நாலாக மடித்து, சாயக் கறை படிந்த மேஜைக் காலுக்கு அடியில் செருகினார். மேஜை ஆடுவது நின்றது.

"நேத்து அப்படிக் கேட்டதுக்கு..." என்று தொடங்கினார்.

"விடுங்க மேடம். எனக்கு ஒரு வாரம் லீவு வேணும்."

"பதினேழு வருஷத்துல நீங்க லீவு கேட்டு நான் பார்த்ததில்லயே."

"நானும் பார்த்ததில்ல."

அந்த ஒரு வாரத்தில் முதல் மூன்று நாள் அவள் தூங்கினாள். எழுந்தாள், எதையோ சாப்பிட்டாள், மறுபடி தூங்கினாள். நாலாம் நாள் ஜன்னல் திரைகளைத் துவைத்தாள்.

மேடம் நடந்ததை நடந்தபடியே எழுதினார். அது வெளிவர ஒன்றரை வருடம் ஆனது. பெரிய பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. ஒரு சின்னப் பத்திரிகை போட்டது. அதைப் படித்துவிட்டு எங்கோ தூரத்திலிருந்த இரண்டு ஆய்வகங்கள் கடிதம் எழுதின: எங்களுக்கும் இதே முடிவுதான் வந்தது, எங்கள் பிழையாக இருக்கும் என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டோம். ஆய்வுக்கு மருந்தையும் பணத்தையும் கொடுத்துவந்த கம்பெனி இரண்டையும் நிறுத்திக்கொண்டது. எட்டுப் பேர் இருந்த ஆய்வகம் மூன்று பேராகச் சுருங்கியது. நூலக்காவின் பாதி வாரத்தை மாடியிலிருந்த வேறொரு பிரிவு வாங்கிக்கொண்டது. அங்கேயும் எலி, அங்கேயும் நூல்.

அண்ணன் அலுவலகத்தில் போய்ச் சொன்னான். சொல்ல இரண்டு வாரம் எடுத்துக்கொண்டான். உதிரிபாகக் கிடங்கில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். முதல் மாதம் அதைத் திட்டாத நாளில்லை. இரும்புக் கயிற்றையும் திருகையும் எடுத்துக் கொடுப்பதற்கா முப்பது வருடம் என்று புலம்புவான். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போய்விட்டது என்பான். ஆனால் மாத்திரையை அந்தந்த நாளில் போட்டான். செருப்பு வார் மறுபடி ஒரு துளை உள்ளே போனது.

ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுக்கப் போனபோது, "நீயும் உள்ள வா, நீதான் இதுல பெரிய ஆளாச்சே" என்று அவளையும் இழுத்துப் போனான். ஸ்கேன் எடுத்த பெண்மணி, இவளும் அதே தொழில் என்று தெரிந்ததும் திரையைச் சற்றுத் திருப்பி வைத்தாள்.

நூலக்கா பார்த்தாள். ஆயிரக்கணக்கான இதயங்களை அவள் திரையில் பார்த்திருக்கிறாள். ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள் நாலைந்து முறை துடித்துவிடுகிறவை. இது அப்படி இல்லை. சுருங்கியது, விரிந்தது, நின்று யோசிப்பது போல இருந்தது, பிறகு மறுபடி சுருங்கியது. ஒரு பக்கச் சுவர் மற்றதைவிடச் சோம்பலாகப் பின்னால் வந்தது. வால்வின் இரண்டு இதழ்களும் திறந்து மூடுவதை அவளால் தனித்தனியாகப் பின்தொடர முடிந்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இவ்வளவு இடம் இருக்கும் என்று அவளுக்கு எண்ணாகத் தெரியும். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எவ்வளவு வருது?" என்றான் அண்ணன், படுத்தபடியே.

"முப்பத்தொண்ணு" என்றாள் அந்தப் பெண்மணி.

"இருபத்தெட்டு இருந்துச்சு. அப்போ ஏறியிருக்கு, இல்ல?" அவன் தங்கையைப் பார்த்தான்.

ஒரே இதயத்தை இரண்டு பேர் அளந்தால் மூன்று நாலு எண் முன்பின் வரும் என்பது அவளுக்குத் தெரியும். ஏறியிருக்கிறது என்று சொன்னால் சந்தோஷப்படுவான். அண்ணி வெளியே பெஞ்சில் காத்திருந்தாள்.

"இறங்கல" என்றாள்.

அவன் அதை ஒரு நிமிடம் மென்று பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். எழுந்து உட்கார்ந்து, கொடுத்த காகிதத்தால் நெஞ்சைத் துடைத்துக்கொண்டான்.

"இந்தக் களிம்பு ஐஸ் மாதிரி இருக்கு. உன் எலிங்க எப்படித்தான் தாங்குதோ, பாவம்."

"எலிக்கு நாங்க சூடு பண்ணித்தான் போடுவோம்."

"அது சரி" என்று சட்டைப் பொத்தானைப் போட்டான் அண்ணன்.